நிறுத்தம் நாப்பத்தொண்ணு

அண்ணாச்சி, அந்தப் பச்சைத் தாள்ல பென்சிலால எழுதாதீங்க. பேனா வச்சு எழுதுங்க. பென்சில் எழுத்துன்னா யாரும் அழிச்சிரலாம், அதுக்கு மதிப்புக் கெடையாது. தப்பா நெனைக்காதீங்க, பக்கத்துல ஒருத்தர் தாளும் கையுமா முழிச்சுக்கிட்டு இருந்தா எனக்குப் பேசாம இருக்க முடியாது. இந்த மனுசன் செவுத்துக்கிட்டயும் பேச்சுக் குடுப்பாருன்னு எங்க வீட்டுக்காரி சொல்லுவா.

வீட்டுல உள்ளவங்களுக்குத்தான வந்திருக்கீய? கழுத்தா. சரி சரி. எங்க வீட்டுல இடுப்பு. இடுப்புன்னா இடுப்போட நிக்காது, எடது கால் வழியா சுண்டுவெரல் வரைக்கும் எறங்கும். எட்டு வருசம் ஆச்சு. ரெண்டு ஆப்பரேசன், பெல்ட்டு, கரண்டு வைக்கிறது, எண்ணெய், பத்தியம், எல்லாம் பாத்தாச்சு. கடைசியில இங்கன வந்து நிக்கோம், இந்த வலி ஓ.பி.யில.

உள்ளதான் இருக்கா. பகவதின்னு பேரு. வழக்கமா நானும் கூடப் போவேன். இன்னைக்கு டாக்டரம்மா என்னைப் பாத்து, "ஐயா, நீங்க வெளிய உக்காருங்க, அம்மாகிட்ட நான் தனியாப் பேசிக்கிறேன்"னுட்டாவ. எப்படி இருக்கும் சொல்லுங்க. இருவத்தெட்டு நாள், ஒரு நாள் விடாம எழுதுனவன் நானு. நான் எழுதுன நோட்டு உள்ள இருக்கு, எழுதுனவன் வெளிய பெஞ்சுல இருக்கேன். சரி, பெரிய படிப்புப் படிச்சவங்க, அவங்களுக்கு ஒரு முறை இருக்கும். எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. இருக்கு, ஆனா காட்டிக்கிடல.

நான் யாருன்னு சொல்லலையே. ஆவுடையப்பன். டெப்போல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனேன். பஸ் ஸ்டாண்டுல கூண்டு மாதிரி ஒரு ரூமுக்குள்ள உக்காந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்குப் போச்சுன்னு ஒரு ஆளு எழுதிக்கிட்டு இருப்பாருல்ல, அது நான்தான். முப்பத்திரண்டு வருசம். "அண்ணே, ரெண்டே ரெண்டு நிமிசம் கொறைச்சுப் போட்டுக்கோங்க"ன்னு டிரைவர் வந்து கெஞ்சுவான். போட மாட்டேன். அஞ்சு பன்னெண்டுன்னா அஞ்சு பன்னெண்டுதான். அதனால டெப்போல எனக்கு சினேகிதம் கம்மி. ரிட்டயர்மெண்டு அன்னைக்கு மாலை போட வந்தவன் எல்லாம் மாலையை வச்சிட்டு வெரசா போயிட்டான். போகட்டும். ஆவுடையப்பன் எழுத்துல பொய் இருந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லிர முடியாது.

மொத மொத இங்க வந்தப்ப, மருந்துச் சீட்டை எடுப்பாவன்னு பாத்தா டாக்டரம்மா கேள்வித்தாளை எடுத்தாவ. நிலோபர்னு பேரு, எங்க மக வயசுதான் இருக்கும். "அம்மா, ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள உங்க வலி எவ்வளவு?"ன்னு கேட்டாவ. பகவதி யோசிச்சா. அவ யோசிக்க ஆரம்பிச்சான்னா மத்தியானம் ஆயிரும். வெளிய எத்தனை பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. நான் சொன்னேன், "ஆறு போடுங்கம்மா." டாக்டரம்மா அவளைத்தான் பாத்தாவ. "அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டா. பாத்தீயளா, வலி அவளுக்கு, நம்பரு எனக்கு. முப்பத்தஞ்சு வருசக் குடும்பம்னா சும்மாவா.

பொறவு, "வலி கொறைஞ்சா என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?"ன்னு ஒரு கேள்வி. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு சங்கரன்கோயில் போவணும்னு சொன்னேன். பகவதி திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தா. தபசுக்குப் போக ஆசைப்படுதது நான்தான், அது வேற விசயம். நான் போனா அவ வராமலா இருக்கப் போறா.

அடுத்து ஒரு நாற்காலியப் போட்டு, கையை மார்போட கட்டிக்கிட்டு அஞ்சு தடவ உக்காந்து எந்திரிங்கன்னாவ. நான் போற வழியிலயே சொல்லிக் கூட்டிட்டுப் போயிருந்தேன், ஏளா, டாக்டர் முன்னால போயி முனங்கிக்கிட்டு நிக்காத, பாக்க நல்லா இருக்காதுன்னு. நல்ல சேலை கட்டி, பூ வச்சு, பவுடர் போட்டுத்தான் வந்திருந்தா. அஞ்சு தடவையும் வாயைத் தொறக்காம உக்காந்து எந்திரிச்சிட்டா. நான் கையைத் தட்டிட்டேன். டாக்டரம்மா, "ஏம்மா இப்படி வேர்க்குது?"ன்னு கேட்டாவ. அந்த ரூமுல ஃபேன் சரியாச் சுத்தல, வேர்க்காம என்ன செய்யும். நான்தான் எடுத்துச் சொன்னேன்.

மாத்திரை விசயம் அப்பதான் வந்துச்சு. டாக்டரம்மா நல்லாத்தான் வெளக்குனாவ. "ஐயா, இது மார்ஃபின். சாதாரண மாத்திரைக்கெல்லாம் அடங்காத வலிக்குத்தான் யோசிப்போம். மலச்சிக்கல் வரும், மயக்கம் வரும், ஒடம்பு அதுக்குப் பழகிப் போகவும் வாய்ப்பு இருக்கு. அதனால வலி கொறைஞ்சிருச்சுன்னு வாயால சொன்னா மட்டும் எனக்குப் பத்தாது. மாத்திரை போட்ட பிறகு முன்னைவிட நடக்குறாங்களா, வேலை செய்ய முடியுதா, தூங்குறாங்களான்னு பாக்கணும். மாத்தம் இல்லன்னா நிறுத்திருவேன். அப்படிப் பாக்கணும்னா, மாத்திரைக்கு முன்னால இப்ப எப்படி இருக்காங்கன்னு எனக்குச் சரியாத் தெரியணும்"னு சொன்னாவ. ரெண்டு வாரம், தெனமும் என்னென்ன செய்யுதா, என்னென்ன முடியல, யாரு ஒதவி செய்யுதா, இதை நோட்டுல எழுதிக் கொண்டு வரணும்.

"அம்மா எழுதுவீங்களா?"ன்னு கேட்டாவ. எழுதுவா, பத்தாப்பு பாஸ் பண்ணவதான். ஆனா வீட்டுக்குள்ளயே ஒரு டைம் கீப்பரை வச்சுக்கிட்டு அவ எதுக்கு எழுதணும்? நான் நோட்டை வாங்கிட்டேன்.

எழுதுனேன் பாருங்க, அதுதான் எழுத்து. ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, தலைப்புப் போட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் கையெழுத்துப் போட்டு. காலையில நாலே முக்காலுக்கு அலாரம் வச்சு எந்திரிச்சேன், அவ எந்திரிக்கிற நேரத்தைப் பிடிக்கணும்லா. பாத்தா அவ ஏற்கனவே அடுக்களையில நிக்கா. "எத்தனை மணிக்கு எந்திரிச்ச?"ன்னு கேட்டேன். "தூங்குனாத்தான எந்திரிக்க"ன்னா. எப்பமும் இப்படித்தான், கேட்ட கேள்விக்குப் பதில் வராது. 4.45 எழுந்தாள்னு போட்டுக்கிட்டேன். நாம வண்டியப் பாத்த நேரம்தான வண்டி வந்த நேரம்.

5.20 வாசல் தெளித்தாள். 5.40 காப்பி. 7.30 இட்லி, சட்னி. 9.10 துணி. 12.45 சாப்பாடு தயார். பதினாலு நாள், ஒரு நாள் கூட லேட்டு கெடையாது. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, இப்படி ஒரு வண்டி என் சர்வீசுல ஓடுனதில்ல. 'முடியாதவை'ன்னு இருந்த கட்டத்துல, இல்லை. பதினாலு நாளும் இல்லை. 'உதவி'ன்னு ஒரு கட்டம். கேட்கவில்லைன்னு போட்டேன். அவ கேக்கல, கேட்டாள்னு நான் எழுத முடியுமா?

நீங்க சிரிக்கீய. டெப்போக்கு இன்ஸ்பெக்சன் வருதுன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? ஓட்டை வண்டியை எல்லாம் பின்னால கொண்டு போயி மறைச்சு நிறுத்திட்டு, நல்ல வண்டியைக் கழுவித் தொடச்சு முன்னால நிறுத்துவோம். வந்தவன்கிட்ட ஓட்டையைக் காட்டுத டெப்போ உலகத்துல உண்டா? நல்லபடியா நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான மேல உள்ளவன் நமக்கு ஒண்ணு செய்வான்.

டாக்டரம்மா நோட்டைப் பொரட்டுனாவ. பொரட்டிக்கிட்டே வந்து, "எல்லா வேலையும் நேரத்துக்குச் செய்றாங்களே"ன்னாவ. எனக்குப் பெருமை தாங்கல. "அம்மா, இதுல எழுதியிருக்கிறது எல்லாம் சரிதானா?"ன்னு பகவதியக் கேட்டாவ. "சரிதான்"னா. "இவ்வளவு செய்ய முடியுதுன்னா இந்த மாத்திரைக்கு இப்ப அவசரம் இல்லையே"ன்னாவ. பகவதி, "சரிம்மா"ன்னா. அம்புட்டுதான். எனக்குக் கொஞ்சம் சப்புன்னு போச்சு. நல்ல நோட்டு, ஆனா மாத்திரை எழுதல.

எந்திரிக்கப் போறப்ப டாக்டரம்மா என்னைக் கேட்டாவ. "ஐயா, வண்டி நேரத்துக்கு வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. நடுவழியில எங்கெங்க நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு எழுத மாட்டீங்களா?"

"அது கண்டக்டர் சோலிம்மா. டைம் கீப்பருக்கு அது கெடையாது."

"அப்ப இன்னும் ரெண்டு வாரம் கண்டக்டரா இருங்க. வண்டி கூடவே போங்க. அவங்க எப்ப ஆரம்பிக்கிறாங்க, எப்ப முடிக்கிறாங்க, நடுவுல எத்தனை தடவ நிக்கிறாங்க. அதை எழுதுங்க"ன்னாவ.

பஸ்ஸுல வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் பகவதி முன்சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. நான் டாக்டரம்மா சொன்னதையே மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டு வந்தேன். எல்லா வேலையும் நேரத்துக்குச் செய்றாங்களே.

மறுநா காலையிலேருந்து நான் கண்டக்டரு. நோட்டும் கையுமா அவ பின்னாலயே. பசிச்ச பூனை மாதிரி காலச் சுத்துதேன். "மிதிச்சிருவேன், தள்ளி நில்லுங்க"ன்னு ஏசுதா. "டூட்டி"ன்னு சொன்னேன்.

எங்க வீடு நீள வீடு. கொல்லையில தண்ணி பிடிச்சு, வீட்டுக்குள்ள நேரா நடந்து, வாசலுக்குக் கொண்டு போவணும். ஒரு சின்ன வாளி. தூக்குனா. தொவைக்கிற கல்லுகிட்ட வந்தா, வாளியக் கீழ வச்சா, கல்லைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஒண்ணுன்னு போட்டேன். அடுக்களை நெலையில நின்னா. ரெண்டு. ஃப்ரிட்ஜுகிட்ட மூணு. பீரோகிட்ட நாலு. ஒரு கையை அதுல ஊணிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு நிக்கா. "என்னளா, பாசஞ்சர் வண்டி எல்லா ஸ்டாப்புலயும் நிக்குது?"ன்னு கேட்டேன். சிரிச்சா. சிரிச்சிட்டு வாளியத் தூக்குனா. வாசலுக்குப் போய்ச் சேரதுக்குள்ள ஆறு. ஒரு ஆளு அரை நிமிசத்துல நடக்குத தூரம்.

அவ வாசலுக்குப் போன பொறவு நான் பீரோவைப் பாத்தேன். அவ கையை ஊணுன எடத்துல, உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டு தேஞ்சு போயிருக்கு. அந்தப் பெயிண்டு உரிஞ்சதுக்கு நான் அஞ்சாறு வருசமா பெயிண்டுக்காரனை ஏசிக்கிட்டுக் கெடக்கேன். ஒரு தடவ வீட்டுக்கே போயி சண்டை போட்டிருக்கேன்.

அன்னைக்கு விளக்கு வைக்கிற நேரம் கூட்டிப் பாத்தா நிறுத்தம் நாப்பத்தொண்ணு. எங்க ரூட்டுல எந்த டவுன் பஸ்ஸுக்கும் அம்புட்டு ஸ்டாப்பு கெடையாது. மறுநா முப்பத்தெட்டு. அதுக்கு மறுநா நாப்பது.

அந்த மூணாம் நாளு மத்தியானம் என்ன ஆச்சுன்னா, நான் சாப்பிட்டு முடிச்சிட்டேன். அவ சாப்பிட்டாளா இல்லையான்னு எழுதணும்லா, நோட்டை எடுத்துக்கிட்டு அடுக்களைக்குப் போனேன். மேடை மேல தட்டை வச்சு, நின்னுக்கிட்டே சாப்பிடுதா. கீழ ஒரு பலகையக் கெடத்தி எடது காலை அதுல தூக்கி வச்சிருக்கா. "உக்காந்து சாப்பிட்டா என்ன?"ன்னு கேட்டேன். "உக்காந்தா எந்திரிக்க ரெண்டு கை வேணும். ஒரு கைதான் சோறாயிருக்கே"ன்னா. சாதாரணமாத்தான் சொன்னா. "எம்புட்டு நாளா இப்படி?"ன்னேன். "ரெண்டாவது ஆப்பரேசனுக்குப் பொறவு"ன்னா. அஞ்சு வருசம், அண்ணாச்சி. நான் எனக்குப் பரிமாறுததுக்காக நிக்கான்னு நெனச்சிருந்தேன். கல்யாண வீட்டுல, கடைத்தெருவுல, எல்லார்கிட்டயும் பீத்திருக்கேன், நான் சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் எங்க வீட்டுக்காரி உக்கார மாட்டான்னு.

கொல்லையில போயிக் குழாயத் தொறந்து விட்டுக்கிட்டு அழுதேன். உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன வெக்கம். எவ்வளவு நேரம்னு தெரியல, மணி பாக்கல. அதை நோட்டுல எழுதவும் இல்ல.

நாலாம் நாளு நான் வாளியத் தூக்கிட்டேன். "விடுங்க, உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டா ரெண்டு பேரையும் யாரு பாப்பா"ன்னு கிண்டல் பண்ணா. விடல. மொத நாளு பாதித் தண்ணி வீட்டுக்குள்ளயே தெளிச்சாச்சு. காப்பியும் நான்தான் போட்டேன். ஒரு வாய் குடிச்சிட்டு, "டெப்போ கேண்டீன் காப்பி மாதிரியே இருக்கு"ன்னா. எங்க டெப்போ கேண்டீன் காப்பிய நீங்க குடிச்சதில்ல, அதனால அது எம்புட்டுப் பெரிய ஏச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. துணிய நான் அலசுனேன். சேலையப் பிழியுதப்ப அவ ஒரு முனை நான் ஒரு முனைன்னு பிடிச்சோம், அவ அந்தப் பக்கம் நின்னு வழி சொல்லுதா, எதுத்த வீட்டு மாடியில ரெண்டு பொம்பளைக நின்னு பாக்குதாவ. பாக்கட்டும்னு நெனச்சேன். நெனச்சேனே தவிர, மறுநாலேருந்து அலசுத சோலிய வெள்ளெனவே முடிச்சிருவேன், மாடியில ஆள் வர்றதுக்கு முன்ன.

நோட்டுல நிறுத்தம் கொறைய ஆரம்பிச்சிருச்சு. இருவத்தொம்பது. இருவத்தி ரெண்டு. பதினாறு. கடைசி நாளு வெறும் ஒன்பது. என் கண்ணு முன்னால ஒரு நம்பரு அப்படி எறங்குததைப் பாக்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? ராத்திரி கொஞ்சம் கண்ணசந்தேன்னு கூட ஒரு நாள் சொன்னா.

எப்படி எழுதுனேன்னு கேக்கீயளா? 5.10 வாசல் தெளித்தாள், நிறுத்தம் இல்லை. 5.35 காப்பி, நிறுத்தம் இல்லை. அப்படித்தான். தலைப்புல நோயாளி பேரு பகவதின்னு இருக்கு, அதுக்குக் கீழ போயி ஆவுடையப்பன் வாசல் தெளித்தான்னு எழுதவா? டிரைவர் மாறுனாலும் வண்டி நம்பரு மாறாதுல்லா. ட்ரிப்பு போச்சா இல்லையா, அதான கேள்வி. 'உதவி' கட்டத்துல ஒரு சின்னக் கோடு போட்டு விட்டுட்டேன். உண்மையச் சொல்லணும்னா, பொம்பளை சோலிய நான் செஞ்சேன்னு ஆஸ்பத்திரி நோட்டுல எழுத ஒரு மாதிரியா இருந்துச்சு. நாலு டாக்டரு படிப்பாங்க.

பகவதி ஒரு நாளு நோட்டை எடுத்துப் படிச்சிட்டு, "நீங்க தெளிச்சதை நான் தெளிச்சதாப் போட்டிருக்கீங்களே"ன்னு கேட்டா. "இருக்கட்டும்ளா, உனக்குப் பேருதான"ன்னேன். "ஆமா, எனக்குப் பேரு கெடைக்கட்டும்"னு சொல்லி நோட்டை மடிச்சு வச்சிட்டா. எவ்வளவு தங்கமான பொம்பளைன்னு பாருங்க, ஒரு சண்டை கெடையாது.

அந்த நோட்டுதான் இப்ப உள்ள போயிருக்கு. நாப்பத்தொண்ணுலேருந்து ஒன்பது. இம்புட்டு முன்னேத்தம் காட்டுன ஆளுக்கு டாக்டரம்மா மாத்திரைய மறுத்திருவாவளா? இந்தத் தடவ உறுதி. நீங்களும் உங்க வீட்டு நோட்டை இதே மாதிரி...

என்ன கேக்கீய?

மாத்திரை போடாமலே நாப்பத்தொண்ணு ஒன்பதாச்சுன்னா, பொறவு மாத்திரை எதுக்குன்னா?

இல்ல, அதெப்படி. மாத்திரைக்கு முன்னால எப்படி இருக்கான்னு தெரியணும்னாவ, நல்லாத்தான் இருக்கான்னு நான்... கொஞ்சம் இருங்க. டாக்டரம்மா சொன்னது என்ன, மாத்திரை போட்ட பொறவு முன்னைவிட... நான் அதுக்கு முன்னாலயே...

எனக்கு ஏன் இது தோணல? இருவத்தெட்டு நாளு நோட்டைக் கையில வச்சுக்கிட்டு இருந்தேனே.

கதவு தொறக்கு. வந்துட்டா. நோட்டு அவ கையிலதான் இருக்கு.

ஏளா, என்ன சொன்னாவ?

வேண்டாம்னுட்டாவளா. நல்லா முன்னேத்தம் தெரியுது, தேகப்பயிற்சியே போதும், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாவளா. சரி, நீ என்ன சொன்ன? இந்த வேலையெல்லாம் அவுகதான் செஞ்சாகன்னு சொல்ல வேண்டியதுதான? உன்னைத் தனியா உக்கார வச்சுத்தான கேட்டாவ, நான் கூட இல்லையே.

ஒண்ணும் சொல்லலையா.

ஏன்?

கேட்டீயளா அண்ணாச்சி, இவ சொல்லுததை? "ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு. அந்த டாக்டர்ப் பொண்ணு முன்னால போயி அது பொய்யின்னு நான் சொல்லணுமா?"ங்கா. "பொய் எழுத மாட்டேங்கிற ஒரு பெருமைய வச்சுக்கிட்டுத்தான நீங்க இருக்கீங்க, அதைப் போயி நான் கெடுக்கவா?"ங்கா. போன தடவயும் அதனாலதான் சரிம்மா சரிம்மான்னு சொல்லிட்டு வந்தாளாம்.

எனக்காக இவ வலிய வச்சுக்கிட்டாளாம், அண்ணாச்சி. ரெண்டு தடவ.

அந்த நோட்டைக் குடு பகவதி. குடுளா. இல்ல, வீட்டுக்குப் போவலை. அண்ணாச்சி, உங்க நம்பரு இருவத்தி மூணுதான, அடுத்து நீங்கதான். எனக்கு ஒரு பத்து நிமிசம் விட்டுக் குடுங்க. உங்க வீட்டுல உள்ளவங்களும் வந்துட்டாங்க, தாயி, நீங்களும் கோவிச்சுக்கிடாதீங்க.

டெப்போல ஒரு வழக்கம் உண்டு. தப்பா எழுதிட்டா அது மேலயே எழுதக் கூடாது, சொரண்டக் கூடாது. ஒரே கோடா அடிச்சு, பக்கத்துல உள்ளதை எழுதி, முழுக் கையெழுத்துப் போடணும். யாரு தப்புன்னு பாக்கிறவனுக்குத் தெரியணும். 5.10 வாசல் தெளித்தாள். அடிச்சாச்சு. கணவர் தெளித்தார். ஆவுடையப்பன். 5.35 காப்பி. கணவர். ஆவுடையப்பன். துணி, கணவர். பாருங்க, பதினோரு நாளைக்கு இருக்கு. முப்பத்திரண்டு வருசத்துல நான் அடிச்சு எழுதுனது மூணோ நாலோதான் இருக்கும்.

"விடுங்க, அந்தப் பொண்ணு உங்களைப் பத்தி என்ன நெனைக்கும்"ங்கா. நெனைக்கட்டும். கையில எழுதுனதுக்கு வாயால போயி ஒப்புக்கிட்டுத்தான் ஆகணும்.

ஆனா இவ இடத்துல என் பேரை எழுதிட்டா மட்டும் முடிஞ்சிருமா? மொத பதினாலு நாளைக்கும் முடியாதவை இல்லைன்னு போட்டிருக்கேன். அதையும் அடிச்சிட்டேன், பாருங்க, அத்தனையும். இப்ப அங்க என்ன எழுதன்னு எனக்குத் தெரியல. கூடவே இருந்தேன், என்னால சொல்ல முடியல.

பகவதி, நீயும் உள்ள வா. தப்பை ஒப்புக்கிட்டதோட சரி, டாக்டரம்மா உன்னைக் கேக்கதுக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன், சத்தியமா. உன்னால என்னென்ன முடியலைன்னு ஒவ்வொண்ணா நீ சொல்லு. நான் எழுதுதேன்.

"நெறைய இருக்கே"ங்கா, அண்ணாச்சி.

இருக்கட்டும். வா, கதவைத் தட்டுதேன்.